கதவைப் பார்த்துப் பூட்டு. காட்சியைப் பார்த்துக் காமிரா

எங்கள் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறைக்குச் சென்று, "நல்ல பூட்டாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பட்டறைத் தாத்தா உடனே பூட்டை எடுத்துத் தந்துவிடமாட்டார். "எந்தக் கதவுக்கம்மா?" என்றுதான் முதலில் கேட்பார். கோயில் கதவுக்கு ஒன்று, கிட்டங்கிக் கதவுக்கு ஒன்று, வீட்டு அலமாரிக்கு ஒன்று என்று பூட்டுகள் பலவகை. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பூட்டின் பெருமையே, கதவுக்கு ஏற்றபடி அதனைக் கையால் செய்து தருவதில்தான் இருக்கிறது.

பூட்டைப் பற்றிய கட்டுரையோ இது என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் எழுத வந்தது காமிராவைப் பற்றி. ஆனால் இரண்டு மாத காலம் காமிராவைப் பற்றிப் படித்தும், கேட்டும், பார்த்தும் நாங்கள் அறிந்துகொண்ட உண்மை, அந்தத் தாத்தாவின் கேள்விக்குள்ளேயே அடங்கியிருந்தது.

எதற்காக இந்த ஆராய்ச்சி?

எங்கள் நூலகத்தை முப்பத்தொரு ஆண்டுகள் கவனித்துவந்த அருட்சகோதரி சென்ற தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். நினைவு அட்டையில் அச்சிட அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று தலைமைச் சகோதரி எங்களைக் கேட்டார். ஆண்டு விழாப் படங்கள் அத்தனையையும் தேடினோம். சகோதரிக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. அரங்கின் பின்வரிசையில், பரிசுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்ற ஒரே ஒரு படம் கைபேசி ஒன்றில் அகப்பட்டது. அதைப் பெரிதாக்கினால் முகம் கரைந்து போயிற்று. சிரிக்கிறாரா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"பள்ளிக்குக் காமிராவே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். காமிரா. அதன் உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலெழுந்த நிலையில் சிக்கிக்கொண்டு அசைய மறுத்துவிட்டது. பழுது பார்க்கும் இடத்தில் உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. இதையறிந்த முன்னாள் மாணவியர் சிலர், புதிய காமிரா வாங்க 80,000 ரூபாய் அன்பளிப்பாகக் கொடுத்தனர். எதை வாங்குவது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு எங்கள் வகுப்பில் ஐவருக்குக் கிடைத்தது. அதன் பயனே இக்கட்டுரை.

கண்ணாடி இருந்த காலம்

முதலில் அந்தச் சிக்கிக்கொண்ட கண்ணாடியின் கதையைச் சொல்கிறோம். எஸ்.எல்.ஆர். எனப்படும் காமிராவில், லென்ஸ் வழியாக வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் உள்ள ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பும். மேலேயுள்ள ஐங்கோணப் பட்டகம் அந்த ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும். நாம் பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி 'சடக்' என மேலே எழும், ஷட்டர் திறக்கும், ஒளி பிலிமில் விழும், கண்ணாடி மீண்டும் கீழே இறங்கும். 1959-இல் நிக்கான் எஃப் வெளிவந்த பிறகு உலகெங்கும் பத்திரிகைப் படக்காரர்கள் கைகளில் இவ்வகைக் காமிராக்களே இடம்பிடித்தன.

அந்தக் காலத்துக் காமிராவுக்கு உணவு பிலிம். நம் தமிழ்நாட்டிலேயே உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. பிலிமை வென்ற டிஜிட்டல் முறைக்கு வித்திட்டவர், அமெரிக்காவின் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன். 1975-இல் அவர் செய்த காமிரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள் எடுத்துக்கொண்டதாம்! படத்தில் இருந்த புள்ளிகளோ வெறும் 10,000. இன்று நாம் வாங்கும் சாதாரணக் காமிராவில் 2 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்.

பிலிம் போய் அந்த இடத்தில் சென்சார் என்னும் ஒளியுணரி வந்தபோதும் கண்ணாடி மட்டும் போகவில்லை. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்., அதாவது டி.எஸ்.எல்.ஆர்., என்ற பெயரில் அதே 'சடக்' ஓசையுடன் தொடர்ந்தது.

கண்ணாடி போன கதை

சென்சாரே காட்சியை நேரடியாகக் காட்ட வல்லது என்றால் இடையில் கண்ணாடி எதற்கு? இந்தக் கேள்வியில் பிறந்ததே மிரர்லெஸ், அதாவது கண்ணாடி இல்லாத காமிரா. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. சென்சார் கண்ட காட்சியை, கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் இருக்கும் சிறு மின்திரை காட்டுகிறது. படம் இருட்டாக வருமா, வெளிச்சமாக வருமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

2008-இல் பானசோனிக் ஜி1 வந்தது. 2010-இல் சோனி தன் நெக்ஸ் வரிசையையும், 2012-இல் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-புரோ1 காமிராவையும் கொண்டுவந்தன. 2013-இல் சோனி ஏ7 வெளியாயிற்று. பழைய பிலிமின் அளவாகிய 36 × 24 மில்லிமீட்டர் சென்சாரை அது சிறிய உடலுக்குள் அடக்கியது. பெரிய நிறுவனங்களான நிக்கானும் கேனனும் 2018-இல்தான் முழு அளவு மிரர்லெஸ் காமிராக்களைக் கொண்டுவந்தன. ஜப்பானின் காமிரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி, 2020-இல் மிரர்லெஸ் முதன்முறையாக டி.எஸ்.எல்.ஆரை முந்தியது. 2023-இல் ஆலைகளிலிருந்து சுமார் 48 இலட்சம் மிரர்லெஸ் காமிராக்கள் சென்றன, டி.எஸ்.எல்.ஆர். சுமார் 12 இலட்சமே.

இன்னொரு கணக்கையும் சொல்லவேண்டும். 2010-இல் எல்லா வகை டிஜிட்டல் காமிராக்களும் சேர்ந்து 12 கோடிக்கும் மேல் சென்றிருந்தன. 2023-இல் மொத்தமே சுமார் 77 இலட்சம்தான். மீதியைக் கைபேசி விழுங்கிவிட்டது! ஆகவே இன்று காமிரா வாங்குபவர் யார் என்றால், கைபேசியால் முடியாத ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டியவர்தான். எங்களுக்கு அந்த 'ஏதோ ஒன்று' சகோதரியின் கரைந்துபோன முகம்.

நிறையும் குறையும்

கண்ணாடி போனதால் வந்த நன்மைகள் சில. உடல் மெலிந்தது, எடை குறைந்தது. சென்சாரே குவியத்தையும் பார்த்துக்கொள்வதால், திரையின் எந்த மூலையில் மனிதர் நின்றாலும் அவருடைய கண்ணைக் கண்டுபிடித்து அதன்மேல் குவியத்தை நிறுத்துகிறது. ஓசையே இல்லாமல் படம் எடுக்கவும் முடிகிறது.

இன்னொரு நன்மை எங்களுக்கு வியப்பளித்தது. கண்ணாடிக்கு இடம் விடவேண்டியிருந்ததால், பழைய கேனனில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மில்லிமீட்டர் தூரம் இருந்தது, நிக்கானில் 46.5. மிரர்லெஸ் வகையில் இது முறையே 20, 16 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. மிஞ்சிய இடத்தில் ஓர் இணைப்பு வளையத்தைப் பொருத்தினால் பழைய லென்ஸ்கள் பலவற்றைப் புதிய காமிராவில் பயன்படுத்தலாம்.

குறைகளும் உண்டு. மின்திரையும் சென்சாரும் விழித்துக்கொண்டே இருப்பதால் பேட்டரி விரைவில் தீரும். ஓசையில்லா முறையில் சென்சார் வரிவரியாகக் காட்சியைப் படிப்பதால், வேகமாக ஓடும் பொருள் சாய்ந்து தெரியலாம்; சிலவகை மின்விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். இதைத் தீர்க்கவே, முழுக் காட்சியையும் ஒரே கணத்தில் படிக்கும் முழு அளவு சென்சாருடன் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதன் விலையைக் கேட்டதும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்!

மற்றொன்று தூசி. லென்ஸைக் கழற்றினால் பல மிரர்லெஸ் காமிராக்களில் சென்சார் அப்படியே வெளியே தெரியும். ஆடிக்காற்றில் எங்கள் ஊர்ச் செம்மண் பறப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வெட்டவெளியில் லென்ஸ் மாற்றக் கூடாது என்பது நாங்கள் கற்ற முதல் பாடம்.

தொழில் செய்வோர் எதை விரும்புகின்றனர்?

ஊரில் திருமணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவரைச் சந்தித்தோம். "முகூர்த்தம் ஒரு தடவைதான் பாப்பா. தாலி கட்டுறதைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியுமா?" என்றார் அவர். அவர் முதலில் பார்ப்பது, காமிராவில் நினைவு அட்டைகள் இரண்டு போட இடம் இருக்கிறதா என்பதைத்தான். ஒரே படம் இரண்டு அட்டையிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். 2018-இல் வந்த நிக்கான் இசட்6, இசட்7 காமிராக்களில் ஓர் அட்டைக்கே இடமிருந்ததால் தொழில்காரர்கள் குறைபட்டனர். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிக்கான் இரண்டு இடங்களாக்கியது.

இரண்டாவது, மங்கலான மண்டபங்களில் வேலை செய்வதால் முழு அளவு சென்சார். சோனி ஏ7 வரிசையின் மூன்றாம், நான்காம் பதிப்புகள், கேனன் ஆர்6 இரண்டாம் பதிப்பு, நிக்கான் இசட்6 வரிசை ஆகியவற்றைத் திருமணப் படக்காரர்கள் விரும்புவதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள். மூன்றாவது, ஓசையின்மை. திருப்பலியில் குருவானவர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் அமைதியான நேரத்தில் 'சடக், சடக்' என்று ஒலித்தால் பங்கு மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா? புதுநன்மை வாங்கும் குழந்தை பயந்து கண்ணை மூடிக்கொள்ளும். இப்போது அந்தத் தொல்லை இல்லை என்றார் அண்ணன்.

பத்திரிகைக்குப் படம் எடுக்கும் மாமா ஒருவரோ வேகத்தைச் சொன்னார். புகையிலைப்பட்டி ஜல்லிக்கட்டில் காளை வாடிவாசலைத் தாண்டும் கணம் கண் இமைப்பதற்குள் போய்விடும். அவருக்கு வேண்டியது விநாடிக்கு இருபது படங்களும், காளையின் பின்னாலேயே ஓடும் குவியமும். இத்தகைய வேலைக்கென்றே 2021-இல் நிக்கான் இசட்9 வந்தது. அதில் இயந்திர ஷட்டரே கிடையாது.

ஆர்வலர் எதை விரும்புகின்றனர்?

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களின் தேவை வேறு. இவர்களுள் பெரும்பாலோர் தேர்வது ஏ.பி.எஸ்.சி. எனப்படும், முழு அளவில் பாதிக்கும் சற்றுக் குறைவான பரப்புள்ள சென்சார். கேனன் ஆர்50, நிக்கான் இசட்50 வரிசை, காணொளி எடுப்போர் நாடும் சோனி இசட்வி-இ10 ஆகியன இவ்வகை. 2018-இல் வந்த கேனன் எம்50, ஜப்பானில் 'கிஸ் எம்' என்ற பெயரில் மிக நன்றாக விற்பனையானது. பழைய பிலிம் காமிராபோல மேலே திருகுகள் வைத்து, படத்துக்குப் பழைய பிலிமின் நிறம் தரும் ஃபியூஜிஃபிலிம் காமிராக்களுக்கும் தனி இரசிகர் கூட்டம் உண்டு.

சிறுமலையில் பறவைகளைப் படம் எடுக்கும் ஓர் ஆசிரியர், வேண்டுமென்றே சிறிய சென்சாரைத் தேர்ந்திருக்கிறார். காரணம் கேட்டோம். "அதே லென்ஸில் பறவை பெரிதாகத் தெரியும், தோளும் வலிக்காது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், சுமை தாங்காமல் காமிராவை வண்டியிலேயே வைத்துவிட்டால் என்ன பயன்?" என்றார். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் இன்னும் சிறிய சென்சார் உள்ள காமிராக்களை ஊர் சுற்றுவோர் பலர் விரும்புவதும் இதனால்தான்.

ஆக, அதிகம் விற்கும் காமிரா வேறு, நமக்கு ஏற்ற காமிரா வேறு. விற்பனைப் பட்டியல் நமக்குச் சொல்வது, நம்மைப்போன்ற கதவு எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே.

பெட்டியா, கண்ணா?

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கடையில் விற்ற காமிரா எதுவும் தம் வேலைக்கு ஒத்துவரவில்லை என்று, பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை உருவாக்கிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அதை வைத்துக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தம் கதவுக்குத் தாமே பூட்டுச் செய்துகொண்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

மற்றொருவர் ஹோமாய் வியாரவல்லா (1913–2012). இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரர். சேலை கட்டிக்கொண்டு, கனத்த காமிராவைச் சுமந்து, சைக்கிளில் சென்று நாட்டின் விடுதலைக் காலத்தைப் படமாக்கினார். 2011-இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. கண்ணைக் கண்டுபிடிக்கும் குவியம் அவருக்குக் கிடைத்ததா? இல்லை. அவரே கண்டுபிடித்தார்!

எங்கள் தேர்வு

இனி எங்கள் கதவுக்கு வருகிறோம். எங்கள் பள்ளிக்கு வேண்டியது என்ன? ஜல்லிக்கட்டு அல்ல, பறவையும் அல்ல. மங்கலான அரங்கு, அதைவிட மங்கலான சிற்றாலயம், அங்கே நிற்கும் முகங்கள்.

எங்களுள் இருவர் முழு அளவு சென்சார்தான் வேண்டும் என்று வாதிட்டனர். பழைய காமிரா ஒன்றை மறுவிற்பனையில் வாங்கிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். மற்ற மூவர் ஒப்பவில்லை. இரண்டு நாள் சண்டை. முடிவில் கணக்குப் பாடம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. கணக்கு இதோ:

முழு அளவு சென்சாரின் பரப்பு 36 × 24 = 864 சதுர மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்.சி. சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 = 367. அதாவது பெரிய சென்சாரால் சுமார் இரண்டேகால் மடங்கு ஒளி கூடும். இப்போது லென்ஸைப் பார்ப்போம். காமிராவுடன் வரும் சாதாரண லென்ஸ், முகத்தை அருகே இழுக்கும்போது எஃப் 5.6 வரைதான் திறக்கும். விலை குறைந்த 50 மில்லிமீட்டர் லென்ஸோ எஃப் 1.8 வரை திறக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஒன்பதுக்கும் மேல். ஒன்பது மடங்கு ஒளி! பெட்டிக்குச் செலவழிக்கும் பெரும்பணம் இரண்டேகால் மடங்கு தர, லென்ஸுக்குச் செலவழிக்கும் சிறுபணம் ஒன்பது மடங்கு தருகிறது. முழு அளவுக் கட்சியினர் சிரித்துக்கொண்டே தோல்வியை ஒப்புக்கொண்டனர்.

ஆகவே நாங்கள் வாங்கியது ஓர் ஏ.பி.எஸ்.சி. மிரர்லெஸ் உடல், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, இன்னொரு பேட்டரி, ஓர் இணைப்பு வளையம். வளையம் எதற்கு? கண்ணாடி சிக்கிய பழைய காமிராவின் லென்ஸ் இன்னும் நன்றாகவே இருந்தது. வகுப்புக் குழுப் படங்களுக்கு அதுவே போதும். எங்களுக்கு முந்திய அக்காமார் பயன்படுத்திய அந்த லென்ஸ், புதிய உடலில் மறுவாழ்வு பெற்றுவிட்டது. இரண்டு அட்டைகளுக்கு இடமில்லையே என்ற குறை உண்டு. அதனால் விழா முடிந்த அன்றே படங்களைக் கணிப்பொறியில் ஏற்றிவிட வேண்டும் என்று விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மறுவிற்பனையில் வாங்க நினைப்போர், ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்து வாங்குமாறு வேண்டுகிறோம்.

முதற்படம்

புதிய காமிராவில் முதலில் யாரை எடுப்பது என்று பேச்சு வந்தபோது, எல்லாரும் தலைமைச் சகோதரியைப் பார்த்தோம். அவரோ, பல ஆண்டுகளாகப் பள்ளி மணியடித்து வரும் ஆயாம்மாவைக் கூப்பிட்டார். "இதுவரை வந்த எந்த மலரிலும் இவர் படம் இல்லை. அடுத்த முறை தேடிக்கொண்டிருக்கக் கூடாது" என்றார்.

வராந்தா விளக்கொளியில், மணிக்கயிற்றைப் பிடித்தபடி ஆயாம்மா நின்றார். ஓசையே வராததால், "எடுத்தாச்சா இல்லையா பிள்ளைகளா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போது எடுத்த படமே நன்றாக அமைந்தது. நரைத்த புருவமும், சிரிக்கும் கண்ணும், மூக்குத்தியின் மினுமினுப்பும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டு படிகள் அச்சிட்டோம். ஒன்று ஆயாம்மா வீட்டுக்கு. மற்றொன்று நூலகச் சுவருக்கு. அதன் அருகில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறோம். எங்கள் நூலகச் சகோதரியின் தெளிவான படம் யாரிடமாவது, எந்த வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால், அன்புகூர்ந்து பள்ளிக்குத் தந்து உதவுங்கள்.

பெற்றோரே, தோழியரே! காமிரா வாங்கப் போகுமுன் "எது அதிகம் விற்கிறது?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கதவுக்கு?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காமிரா வாங்க வசதி இல்லாவிட்டாலும் குறையில்லை. கையில் உள்ள கைபேசியைக் கொண்டு, சன்னல் ஓரத்து வெளிச்சத்தில், உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றே ஒரு படம் எடுங்கள். எடுத்ததை அச்சிட்டு வையுங்கள். நாளை தேடும்போது அது இருக்கவேண்டும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு